மூன்று பேர், மூவாயிரம் மாணவர்கள், ஒரு சின்ன சர்வர்

“அக்கா, பக்கம் திறக்கவே மாட்டேங்குது. நாளைக்குக் கணிதத் தேர்வு.”

இரவு 9.12க்கு என் கைப்பேசிக்கு வந்த புலனச் செய்தி இது. அனுப்பியவர் எங்கள் டெங்கில் வட்டாரத்தைச் சேர்ந்த படிவம் 5 மாணவி. மறுநாள் காலை அவருக்கு எஸ்.பி.எம். தேர்வு. திறக்காத அந்தப் பக்கத்தை உருவாக்கியவர்களில் நானும் ஒருத்தி.

நானும் இரு நண்பர்களும் சேர்ந்து எஸ்.பி.எம். கணிதத்திற்காக இலவசப் பயிற்சித் தளம் ஒன்றை நடத்தி வருகிறோம். நான் டெங்கிலில் இருந்து பல்கலைக்கழகம் போய்வரும் கணினி அறிவியல் மாணவி. தோழியின் வீடு கிள்ளானில். நண்பர் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார். முதல் தாளில் வருவதுபோல 40 கேள்விகளை நாங்களே தயாரித்துத் தளத்தில் ஏற்றுவோம். விடையைத் தட்டினால் சரியா தவறா என்று காட்டும். அதன்கீழ் தமிழில் விளக்கம் வரும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிற நமக்கு, புரியாத கணக்கை ஒருமுறை தமிழில் கேட்டால் சட்டென்று பிடிபடும். அதை நாங்கள் மூவரும் அனுபவித்தவர்கள்.

தளத்திற்குச் சாதாரணமாக ஒரு நாளில் 200 பேர் வருவார்கள். மாதம் 25 ரிங்கிட் வாடகையில் ஒரு சின்ன சர்வர். அதுவே போதுமானதாக இருந்தது. அன்று மாலை யாரோ ஓர் ஆசிரியர் எங்கள் இணைப்பைத் தம் புலனக் குழுவில் பகிர்ந்திருக்கிறார். அங்கிருந்து இன்னொரு குழு, பிறகு பெற்றோர் குழுக்கள். இரவு 9 மணிக்கும் 9.30க்கும் இடையில் சுமார் 3,000 பேர் உள்ளே வந்ததாகப் பிறகு சர்வர் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்தது திரையில் இருந்த ‘502’ என்ற எண் மட்டும்தான். பின்னால் இருக்கும் நிரல் பதில் தரவில்லை என்பதைச் சொல்லும் பிழைக் குறியீடு அது.

பெரிய சர்வர் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதற்றத்தில் முதலில் என்ன தோன்றும்? கூட்டம் அதிகம், சர்வர் சிறியது, ஆகவே பெரிதாக வாங்கு. எங்களுக்கும் அதுதான் தோன்றியது. மூவரும் கைச்செலவுப் பணத்தைப் போட்டு எட்டு மடங்கு நினைவகம் உள்ள சர்வருக்கு மாறினோம். ஏறக்குறைய 200 ரிங்கிட் போயிற்று. மாற்றும் வேலைக்காகத் தளத்தை 15 நிமிடம் முழுவதுமாக மூடவும் வேண்டியிருந்தது.

9.50க்குத் திறந்தோம். 9.56க்கு மறுபடியும் 502.

சமையலறையில் ஒரே ஓர் அடுப்பு இருக்கும் உணவகத்தை நினைத்துப் பாருங்கள். வாசலை அகலப்படுத்தி, மேசைகளைக் கூட்டி, நூறு பேரை உட்கார வைக்கலாம். ரொட்டி என்னவோ அந்த ஓர் அடுப்பிலிருந்துதான் வரவேண்டும். நாங்கள் 200 ரிங்கிட் கொடுத்து வாங்கியது மேசைகளை.

எங்கள் அடுப்பு, தரவுத்தளம். நாங்கள் பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அமைப்பை மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். பெரிய சர்வருக்கு மாறியபோதும் அந்த 100 அப்படியே இருந்தது. அந்த நூறும் ஏதோ ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு கிடந்தன. அது என்ன வேலை என்று நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. பக்கம் திறக்காவிட்டால் நாம் என்ன செய்வோம்? மறுபடி தட்டுவோம். மீண்டும் தட்டுவோம். ஒவ்வொரு தட்டலும் புதிய கோரிக்கை. பழைய கோரிக்கையே முடியாமல் நிற்கும்போது புதியது வந்து பின்னால் சேரும். சர்வர் தடுமாறத் தடுமாற, சுமை தானாகவே ஏறிக்கொண்டு போகும்.

நெரிசல் இருந்த இடம்

10.30 மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் நண்பர்தான் கேட்டார்: “சர்வர் எந்த வேலைக்கு அதிக நேரம் எடுக்குதுன்னு யாராவது பார்த்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

தளத்தின் முகப்பில் ‘முதல் பத்து மாணவர்கள்’ என்றொரு பட்டியல் வைத்திருந்தோம். எங்களுக்கு அதில் தனிப் பெருமை. அது 30 வினாடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். 3,000 பேர் திறந்து வைத்திருந்தால் வினாடிக்கு 100 கோரிக்கை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவுத்தளம், அதுவரை எழுதப்பட்ட 60,000 பயிற்சி முடிவுகளையும் எடுத்து, வரிசைப்படுத்தி, முதல் பத்தைக் கொடுத்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 60 லட்சம் வரிகள். நாளைத் தேர்வுக்குப் படிக்க வந்த எவருக்கும் தேவைப்படாத ஒரு பட்டியலுக்காக இவ்வளவு வேலை.

நண்பர் அந்தப் பட்டியலை அழைக்கும் ஒரே ஒரு வரியை நீக்கினார். அடுத்து, 40 கேள்விகளும் எல்லாருக்கும் ஒன்றுதானே, ஒவ்வொரு தடவையும் அவற்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பக்கம் கட்டுவது எதற்கு என்று தோழி கேட்டார். ஒருமுறை கட்டி, அச்சடித்த தாள்போல அப்படியே சேமித்து வைத்தோம். வருகிறவருக்கு அந்தத் தாளை நீட்டினால் போதும். விடை திருத்தும் வேலையை மாணவரின் கைப்பேசியிடமே விட்டுவிட்டோம்.

10.55க்குத் தளம் திறந்தது. சர்வர் அநேகமாகச் சும்மா இருந்தது. அந்தப் பழைய 25 ரிங்கிட் சர்வரே தாங்கியிருக்கும்.

மகிழ்ச்சியோடு அந்தத் தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: “இப்ப வருதுக்கா. ஆனா டேட்டா முடிஞ்சிருச்சு. எழுத்து மட்டும்தான் வருது, படம் வரல.”

அப்போதுதான் இரண்டாவது தவறு தெரிந்தது. 40 கேள்விகளில் பத்துக்கு வரைபடம் உண்டு. தாளில் வரைந்து, கைப்பேசியில் படம் பிடித்து, அப்படியே ஏற்றியிருந்தோம். ஒரு படம் சுமார் 3 மெகாபைட். பத்துப் படம் 30 மெகாபைட். திறக்காத பக்கத்தை அவர் திரும்பத் திரும்பத் தட்டியபோது பாதிவரை இறங்கிய படங்களும் அவருடைய டேட்டாவில்தான் கணக்கு. முன்கட்டண அட்டையில் வாங்கிய டேட்டாவை எங்கள் தளம் தின்றுவிட்டது.

நான் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். படமுள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். “ஒரு முக்கோணம் வரைஞ்சுக்கோ, கீழ்ப்பக்கம் 8 செண்டிமீட்டர்” என்று சொல்லச் சொல்ல அவர் தாளில் வரைந்தார். முடிக்கும்போது மணி 11.40.

அது ஒருவருக்கு. அன்றிரவு வந்து திரும்பிப் போன மற்றவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாரம் இரண்டு டியூஷன் வகுப்புக்குப் போகிறவருக்கு எங்கள் தளம் திறக்காவிட்டால் நட்டமில்லை. வேறு வழியில்லாதவருக்குத்தான் அடி. இலவசமாகக் கொடுப்பது என்பதற்காக ஏனோதானோ என்று கொடுத்துவிட முடியாது என்பதை அந்த 11.40 எனக்குச் சொன்னது.

குழு சிறியது, கூட்டம் பெரியது

தேர்வுகள் முடிந்ததும், உலகில் இதைச் சரியாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆயிரம் பொறியாளர்கள் வைத்திருக்கும் நிறுவனங்களைப் பற்றிப் படிப்பதில் எங்களுக்குப் பயன் குறைவு. சிறிய குழுக்களைத் தேடினேன்.

இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபர் 6ஆம் நாள் வெளிவந்தது. முதல் நாளிலேயே 25,000 பேர் சேர்ந்தார்கள். அதைத் தாங்க அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சாதாரண சர்வர். அன்று அதைத் திணறடித்தவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? உலாவியின் மேல்தட்டில் தெரியும் சின்னஞ்சிறு அடையாளப் படம். அந்தக் கோப்பை வைக்க மறந்துவிட்டார்கள். அது இல்லை, இல்லை என்று பதில் சொல்லியே சர்வர் களைத்துப் போனது. இணை நிறுவனர் மைக் கிரீகர் இதைப் பின்னாளில் உரைகளில் சொல்லியிருக்கிறார். 2012இல் பேஸ்புக் அதை நூறு கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க முன்வந்தபோது ஊழியர்கள் 13 பேர்தான். பயனர்களோ சுமார் 3 கோடி.

நம் புலனத்தையே எடுத்துக்கொள்வோம். 2014இல் பேஸ்புக்கிற்கு விற்கப்பட்டபோது வாட்ஸ்அப்பைச் சுமார் 45 கோடிப் பேர் பயன்படுத்தினர். பொறியாளர்கள் 32 பேர். அவர்கள் கையாண்ட ‘எர்லாங்’ மொழி, எரிக்சன் நிறுவனம் 1980களில் தொலைபேசி நிலையங்களுக்காக உருவாக்கியது. பல லட்சம் அழைப்புகளை ஒரே நேரத்தில் தாங்க வேண்டும், ஒன்று அறுந்தாலும் மற்றவை அறுபடக்கூடாது என்பதுதான் அந்த மொழியின் பிறப்பு நோக்கம். வாட்ஸ்அப் குழு அதை ஆழமாகக் கற்று, ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியதாக 2012 தொடக்கத்தில் அறிவித்தது. விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, வேறு அலங்காரம் இல்லை. செய்தி போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். எங்கள் ‘முதல் பத்து’ பட்டியலை நினைத்துக்கொண்டேன்.

பாட்டி சொன்ன வரிசை

பட்டியலையும் படங்களையும் சரிசெய்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பயிற்சியை முடிப்பவருக்குப் பெயர் போட்ட சான்றிதழ் ஒன்றைப் பி.டி.எப். கோப்பாகக் கொடுத்து வந்தோம். மாணவர்களுக்கு அது பிடித்திருந்தது, எடுக்க மனமில்லை. ஆனால் ஒரு சான்றிதழ் செய்ய சர்வருக்கு இரண்டு வினாடி பிடிக்கும். 500 பேர் ஒரே நேரத்தில் முடித்தால்?

இதைப் பற்றித் தோழியோடு தொலைபேசியில் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். இன்று புத்ராஜெயா இருக்கும் இடத்தில் முன்பு இருந்த பிராங் பெசார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். நகரம் எழுந்தபோது அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் பல டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்கு வந்ததை இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிவார்கள்.

“ஏம்மா, இதுக்கா இவ்வளவு கவல?” என்றார் பாட்டி. “அந்தக் காலத்துல நூறு பேரு ஒரே நேரத்துல பால் வாளியத் தூக்கிட்டு வருவோம். நிறுக்கிறது ஒரே ஒரு கிராணி. எல்லாரும் மேல விழுந்தா அவரு என்ன செய்வாரு? வாளிய வரிசையா வைக்கச் சொல்லிட்டு ஒவ்வொண்ணா நிறுப்பாரு. நாங்க ஓரமா உக்காந்திருப்போம். பேரு சொல்லிக் கூப்பிட்டா போவோம்.”

கணினி அறிவியல் பாடத்தில் ‘வரிசை’ என்று ஒரு தலைப்பே உண்டு. நான் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பாட்டி சொல்லும்வரை எங்கள் சான்றிதழுக்கு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

பாட்டி சொன்ன முறையில்தான் இந்தியாவின் ஜெரோதா நிறுவனமும் இயங்குகிறது என்பதைப் பிறகு படித்தேன். 2010இல் பெங்களூருவில் தொடங்கிய பங்குத் தரகு நிறுவனம் அது. வாடிக்கையாளர்கள் ஒரு கோடிக்கும் மேல். தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் கட்டிய குழுவில் இருப்பது சுமார் 30 பேர். இந்தியப் பங்குச் சந்தை காலை 9.15க்குத் திறக்கிறது. நமக்கு எஸ்.பி.எம். முந்தைய இரவில் வந்த கூட்டம் அவர்களுக்கு ஒவ்வொரு வேலைநாள் காலையும் வருகிறது.

அங்கே ஒரு வாடிக்கையாளர் தம் லாப நட்டக் கணக்கைக் கேட்டால், அந்தக் கோரிக்கை நேராகப் பெரிய தரவுத்தளத்தின் மேல் பாயாது. முதலில் வரிசையில் நிற்கும். தரவுத்தளம் தாங்கக்கூடிய எண்ணிக்கையில் மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே விடப்படும். விடை தயாரானதும் அது தனியிடத்தில் வைக்கப்பட்டுத் திரையில் காட்டப்படும். கேட்டவர் சில வினாடி காத்திருப்பார், ஆனால் தளம் விழாது. இதற்காக எழுதிய மென்பொருளை அவர்கள் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறமூலமாகவும் வெளியிட்டிருக்கிறார்கள்.

பி.டி.எப். சிக்கலும் அவர்களுக்கு இருந்தது, எங்களைவிடப் பல மடங்கு பெரிதாக. அன்றன்று வணிகம் செய்த ஒவ்வொருவருக்கும் கையொப்பமிட்ட கணக்குச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும். ஒரு நாளில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். பழைய முறையில், பின்னணியில் ஓர் உலாவியை ஓட்டி, இணையப் பக்கத்தைப் பி.டி.எப். ஆக மாற்றினார்கள். அதற்கு ஏழெட்டு மணி நேரம் பிடித்தது. பிறகு பி.டி.எப். அச்சுக்கோக்க ‘டைப்ஸ்ட்’ என்ற இலகுவான கருவிக்கு மாறினார்கள். வேலையைச் சிறு துண்டுகளாக்கி, பல இயந்திரங்களைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எடுத்து ஓட்டி, முடிந்ததும் அணைத்துவிட்டார்கள். 2024இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, மொத்த வேலைக்கும் 25 நிமிடம்.

நாங்களும் சான்றிதழை வரிசையில் நிறுத்தினோம். “உங்கள் சான்றிதழ் தயாராகிறது. காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரி சேர்த்தோம். இதுவரை ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

பணம் இருந்தாலும் சிக்கல் வரும்

‘பெரிய நிறுவனமாக இருந்தால் இந்தக் கவலை எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியை அறிந்திருப்பீர்கள். தமிழ்ப் பெயர் கொண்ட செய்திச் செயலி, 2021இல் வெளிவந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று இந்தியா முழுவதும் பேச்சானது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரத் தொடங்கியதாக ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். நூறு மடங்குக்கும் மேல்!

ஸோஹோவிடம் சொந்தத் தரவு மையங்கள் உண்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் உண்டு. அப்படியிருந்தும் பதிவுக்கான ஓ.டி.பி. எண் தாமதமானது. அவசரமாக இயந்திரங்களைக் கூட்டும் அதே வேளையில், எழும் சிக்கல்களுக்கேற்ப நிரலையும் திருத்திக்கொண்டே இருப்பதாக வேம்பு சொன்னார். என் கண் அந்த இரண்டாவது பாதியில்தான் நின்றது. இயந்திரத்தைக் கூட்டிவிட்டு நிரலை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்பதுதான் எங்களுக்கு 9.56க்கே தெரிந்துவிட்டதே!

நம் நாட்டிலும் இதை எல்லாரும் பார்த்த நாள் ஒன்று உண்டு. 2021 மே 2ஆம் நாள், சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்கு அஸ்ட்ராசெனிக்கா தடுப்பூசி முன்பதிவு இணையத்தில் திறக்கப்பட்டது. 268,800 இடங்களும் சில மணி நேரத்தில் நிரம்பின. அதே மாதம் 26ஆம் நாள் இரண்டாவது சுற்று திறந்தபோது தளம் தடுமாறியது. அமைச்சர் கைரி ஜமாலுடின் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார். லட்சக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் வருவார்கள் என்று தெரிந்த நாளிலும் தளங்கள் தடுமாறும். அப்போது வேகமான இணையமும் நல்ல கைப்பேசியும் உள்ளவர் முன்னே போவார். மற்றவர் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நெரிசலைச் சமாளிப்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். வரிசையில் யார் முன்னே நிற்கிறார், யார் விழுகிறார் என்பதும் அதற்குள் இருக்கிறது.

நாங்கள் விட்டதும் வைத்ததும்

அடுத்த தேர்வுப் பருவத்திற்கு முன் நாங்கள் செய்தவை பெரிய வித்தைகள் இல்லை.

படங்களைச் சுருக்கினோம். 3 மெகாபைட் இருந்தது 80 கிலோபைட்டாகக் குறைந்தது. கோடுகள் தெளிவாகவே தெரிகின்றன. 3,000 பேர் பார்த்தால் முன்பு 90 கிகாபைட் போயிருக்கும். இப்போது இரண்டரைகூட ஆகாது. ‘முதல் பத்து’ பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தோம், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கணக்கிடுகிறோம். முன்பு அதே பத்து நிமிடத்தில் 60,000 முறை செய்த வேலை இப்போது ஒரே முறை. தரவுத்தளத்தில் மதிப்பெண்ணுக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டோம். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவுபோல, எல்லாப் பக்கத்தையும் புரட்டாமல் வேண்டிய இடத்துக்குப் போக அது உதவும்.

புதிய கருவி எதையும் சேர்க்கவில்லை. இணையத்தில் தேடினால் பத்து விதமான நவீனக் கட்டமைப்புகளைப் பரிந்துரைப்பார்கள். ஒவ்வொன்றையும் கற்க வேண்டும், பராமரிக்க வேண்டும், நள்ளிரவில் அது படுத்தால் எழுப்பத் தெரியவேண்டும். நாங்கள் மூன்று பேர். எங்களுக்கும் தேர்வு உண்டு, இடுபணி உண்டு. சர்வரை வாடகைக்கு எடுக்கலாம். எங்கள் கவனத்தை எங்கே போய் வாடகைக்கு எடுப்பது? அதனால்தான் மூவருக்கும் நன்றாகத் தெரிந்த பழைய கருவிகளோடு நின்றுகொண்டோம்.

கடைசியாக, சுமைச் சோதனை. போலிப் பயனர்களை உருவாக்கித் தளத்தின் மேல் ஏவிவிடும் இலவச நிரல்கள் இருக்கின்றன. 5,000 பேர் என்று வைத்து ஏவினோம். 1,800இல் தளம் விழுந்தது. காரணம், எல்லாரையும் உள்நுழையச் சொல்லும் பக்கம். பயிற்சி செய்ய உள்நுழைவு எதற்கு என்று யோசித்து, சான்றிதழ் வேண்டுவோருக்கு மட்டும் அதை வைத்தோம். மறுபடி ஏவினோம். தாங்கியது. இம்முறை விழுந்தபோது நேரம் ஞாயிறு மாலை. யாருக்கும் மறுநாள் தேர்வு இல்லை. விழுவதற்கு நல்ல நேரம் அதுதான்.

தளம் விழுந்தால் யார் எதை முதலில் பார்க்கவேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, மூவரும் கைப்பேசியில் வைத்திருக்கிறோம். அதன் முதல் வரி: ‘சர்வரை மாற்றாதே. முதலில் எது மெதுவாக இருக்கிறது என்று பார்.’

இன்று வீட்டிலேயே செய்து பாருங்கள்

நீங்கள் கணினித் துறைக்கு வரப்போகிறவரா இல்லையா என்பது முக்கியமில்லை. பள்ளிக் கழகத்துக்கோ, கோவில் திருவிழாப் பதிவுக்கோ ஓர் இணையப் பக்கம் செய்யும் வேலை என்றாவது ஒரு நாள் உங்கள் கைக்கு வரும். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை.

மடிக்கணினியில் உலாவியைத் திறந்து எப்12 விசையை அழுத்துங்கள். வரும் பலகையில் இணையப் போக்குவரத்தைக் காட்டும் பகுதிக்குப் போய், உங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தைத் திறங்கள். அந்தப் பக்கத்துக்காக எத்தனை கோப்புகள் வந்தன, மொத்தம் எத்தனை மெகாபைட், எது கடைசியில் வந்தது என்று அது வரிசையாகக் காட்டும். பிறகு அதே பலகையில் இணைய வேகத்தை மெதுவாக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து மறுபடி திறங்கள். டேட்டா குறைந்த ஒருவர் அந்தப் பக்கத்தை எப்படிப் பார்க்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். நாங்கள் இதை முதலிலேயே செய்திருந்தால் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

இரண்டாவது பருவத்தில், கணிதத் தேர்வுக்கு முந்தைய இரவு, 4,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சர்வர் அதே 25 ரிங்கிட் சர்வர்தான். நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தபடி அழைப்பில் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பத்தரை மணிக்குத் தோழி தூங்கப் போய்விட்டார்.

அப்போது நான்காவது ஆள் ஒருவரும் எங்களோடு அழைப்பில் இருந்தார். போன வருடம் “பக்கம் திறக்கல” என்று எழுதிய அதே தங்கை. இப்போது அவர் படிவம் 6 மாணவி. புதிய பக்கம் எதையும் அவருடைய பழைய கைப்பேசியில், அவருடைய முன்கட்டண டேட்டாவில் திறந்து பார்த்த பிறகுதான் வெளியிடுகிறோம். அன்று பதினொரு மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது:

“எல்லாப் படமும் வந்திருச்சுக்கா.”